ஷிப்ட் முடிந்து வரும்வரை செடி காத்திருக்கும்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், மாத்தூர், வல்லம், ஒரகடம் என்று எந்தப் பக்கம் போனாலும் வாடகை வீடுகளின் மொட்டை மாடிகள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. துணிக்கொடி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவரோரம் நாலைந்து செடிப்பைகள். பைகளில் மண் இருக்கும், செடி இருக்காது. குச்சியில் கட்டிய தக்காளித் தண்டு கட்டியபடியே காய்ந்து நிற்கும். அதை வாங்கி வைத்தவருக்கு ஆசை குறைவில்லை. மதிய ஷிப்டுக்குப் போனவர் ஓவர்டைமும் பார்த்துவிட்டு நள்ளிரவு தாண்டித்தான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறார். அவர் மறுநாள் எழுந்து மாடிக்குப் போவதற்குள் கத்திரி வெயில் செடியை முடித்துவிடுகிறது. வார விடுமுறையோடு ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ ஊர்ப்பக்கம் போய் வந்தால் கேட்கவே வேண்டாம்.

மாடித்தோட்டம் என்றதும் பூச்சி, உரம், விதை பற்றியெல்லாம் பேசுகிறோம். இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்தில் செடிகள் சாவது தண்ணீர் ஊற்றும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாததால். இங்கே மணிக்கணக்கை முடிவுசெய்வது ஆலைச் சங்கு. சங்கு ஊதும் நேரத்துக்கும் செடி கேட்கும் நேரத்துக்கும் ஒத்துப்போவதில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. விலை அதிகமில்லை, மின்சாரம் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடித்துவிடலாம். மேலே மண், கீழே தண்ணீர், இரண்டையும் ஒரே வாளிக்குள் வைப்பதுதான் அது. மண்ணில் வளர்ப்பதற்கும் ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் நீர்வழி வேளாண்மைக்கும் நடுவே நிற்கும் முறை இது. தொழிலாளர் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஏரிகள் நடுவே எழுந்த ஆலைகள்

இந்த மண்ணுக்கு விவசாயம் புதிதல்ல. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் ஏரிப் பாசனத்தின் தாய்மடி. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி, சற்றே கிழக்கே செம்பரம்பாக்கம் என்று ஏரியும் ஆயக்கட்டுமாக இருந்த நிலம். 1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998-இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. நோக்கியா 2014-இல் மூடப்பட்டது. அதன் பிறகு ஐபோன் பூட்டும் வேலை வந்தது. நெல் வயல் வீட்டுமனையானது, வீட்டுமனை மூன்று மாடி வாடகைக் குடியிருப்பானது. நெல் விளைந்த ஊரிலேயே கீரைக்கட்டு வேற்றூரிலிருந்து வண்டியில் வந்து இறங்குகிறது.

இந்த ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். வட மாவட்டங்களிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த பெண்கள், ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். மண்ணைத் தொட்டு வளர்ந்தவர்களுக்குச் செடி வளர்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய ஷிப்டுக்கு ஏற்ற ஏனம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது

இந்த வாளியின் சூட்சுமம் அகல்விளக்குதான். திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுபோவதுபோல, தென்னை நார்க் கழிவு கீழே உள்ள தண்ணீரை இழுத்து மேலே உள்ள மண் கலவைக்குக் கொடுக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில் தண்ணீர் தானாகவே ஏறும். நல்ல கலவையில் ஓர் அடி உயரம் வரை ஏறுவது கடினமில்லை. செடி குடிக்கக் குடிக்க மேல்மண் உலரும், உலர்ந்த அளவுக்குக் கீழிருந்து ஈரம் வரும். யாரும் அளந்து ஊற்ற வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டும் என்பதைச் செடியே பார்த்துக்கொள்கிறது.

வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். சாதாரணத் தொட்டியில் தினமும் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி வேரை மூச்சுத் திணற வைப்பவர்கள், ஊற்ற மறந்து கொல்பவர்களுக்கு எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். ஆகவே வாளியின் அடியில் தண்ணீர், அதற்கு மேல் ஒரு விரற்கடை காற்று இடைவெளி, அதற்கு மேல் மண் என்று அடுக்க வேண்டும். சில வாரங்களில் வேர்கள் இரண்டு விதமாகப் பிரிந்து வளர்வதைச் செடியைப் பிடுங்கும்போது பார்க்கலாம். மேலே மண்ணைப் பற்றிக்கொண்ட கிளைத்த வேர்கள் சத்தையும் காற்றையும் எடுக்கின்றன. கீழே நீரைத் தொட்டுக்கொண்டு நீண்டு தொங்கும் வெள்ளை வேர்கள் தாகத்தைத் தீர்க்கின்றன.

கலிம்போங்கில் கிடைத்த பாடம்

நீர்வழி வேளாண்மை என்றாலே வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். தொடக்கம் அங்கேதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் 1929 வாக்கில் சத்துக் கரைசல் நிரப்பிய தொட்டிகளில் தக்காளி வளர்த்து, கொடிகளை இருபத்தைந்து அடி உயரம் வரை ஏற்றிக் காட்டினார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937-இல் அச்சேறியது. அந்தத் தொட்டிகளில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீருக்கு மேலே கம்பிவலை விரித்து, அதன்மேல் மரச்சீவல் போன்ற மக்குப் பொருள்களைப் பரப்பித்தான் கெரிக் செடியை நட்டார். மேலே படுகை, கீழே நீர் என்ற அமைப்பு அன்றே இருந்தது.

நமக்கு நெருக்கமான கதை வங்காளத்தில் நடந்தது. அன்றைய டார்ஜிலிங் மாவட்டத்துக் கலிம்போங்கில் 1946-இல் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் சோதனைகளைத் தொடங்கினார். அமெரிக்கப் பாணித் தொட்டியும் பம்பும் இந்தியக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. உடைகல்லையும் மணலையும் கலந்து படுகை அமைத்து, உலர்ந்த உர உப்புகளைச் செடிவரிசைகளுக்கு இடையே தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்கும் எளிய முறையை வகுத்தார். 1951-இல் வந்த அவருடைய நூல் அதை ‘வங்காள முறை’ என்றே உலகுக்கு அறிமுகப்படுத்தியது. பம்பு இல்லை, மோட்டார் இல்லை, கிடைத்த பொருளில் செய்தது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டில் ஒரு மலையூரில் கிடைத்த அந்தத் தெளிவு இன்று பிளாஸ்டிக் குழாய் அடுக்குகளை விற்கும் கடைகளில் காணக் கிடைப்பதில்லை.

பின்னர் 1990-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிளேக் விசனன்ட் என்ற விவசாயி, அடியில் நீர்த்தொட்டியும் மேலே மண் கலவையும் கொண்ட பெட்டியை வடிவமைத்து ‘எர்த் பாக்ஸ்’ என்று விற்றார். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி, பம்பே இல்லாமல் நிலைநீரில் கீரை வளர்க்கும் முறையைப் பரப்பினார். ஆனால் செடிக்கு வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் கசியவிடும் யோசனை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. மரக்கன்றின் பக்கத்தில் சுடுமண் பானையைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பிவைக்கும் பானைப் பாசனம் நம் ஊரில் தெரிந்ததே. சீனாவில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வேளாண் நூலொன்றில் அந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது.

மண்ணை ஏன் விடக்கூடாது

முழு ஹைட்ரோபோனிக்ஸே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். பணம் போடக்கூடியவர்கள், அதையே தொழிலாகச் செய்பவர்கள் போடட்டும். ஓட்டல்களுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் லெட்யூஸ் விளைவிக்க அது நல்ல முறை. ஸ்ரீபெரும்புதூர் மாடிக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து.

முதல் தடை மின்சாரம். மெல்லிய படலமாகக் கரைசல் ஓடும் குழாய்களில் பம்பு நின்றுவிட்டால், கோடையில் சில மணி நேரத்திலேயே செடிகள் தலைசாயும். வேலைக்குப் போனவருக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அடுத்தது வெப்பம். இருபது டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். முப்பத்தைந்து டிகிரியில் அது 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மே மாதத்து மாடியில் கறுப்புக் குழாய்க்குள் ஓடும் தண்ணீர் எவ்வளவு சுடும் என்பது தொட்டியிலிருந்து மதியம் குழாயைத் திறந்தவர்களுக்குத் தெரியும். சூடான, காற்றில்லாத நீரில் பித்தியம் என்ற பூஞ்சை வகை நுண்ணுயிரி வேரை அழுக்கிவிடும். பெரிய பண்ணைகள் தண்ணீரைக் குளிர்விக்க இயந்திரம் வைத்திருக்கின்றன. நம்மால் முடியுமா?

மண் இருந்தால் இந்த ஆபத்துகளில் பெரும்பகுதி தணிகிறது. மண்ணும் மட்கிய உரமும் சத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. உர அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் செடி உடனே சாவதில்லை. அமிலத்தன்மையை அளக்கும் மீட்டர் இல்லாமலே காலம் தள்ளலாம். மண்புழு உரத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் வேலையைச் செய்கின்றன. நம் சாப்பாடும் லெட்யூஸ் அல்லவே. அரைக்கீரையும் சிறுகீரையும் கத்தரியும் மிளகாயும் மண்ணோடு பழகிய பயிர்கள்.

ஒரு வாளியைச் செய்வது

இருபது லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து மூன்று அங்குல உயரத்தில் பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையும் துளை ஒன்று போடுங்கள். இதுதான் வழிந்தோடும் துளை. இந்த ஒரு துளையை மறந்தால் முதல் மழையிலேயே வேர் அழுகிவிடும். துளைக்குக் கீழே ஏறத்தாழ ஐந்து லிட்டர் தண்ணீர் நிற்கும்.

மூன்றரை அங்குல நீளத்துக்கு நறுக்கிய பிவிசி பைப் துண்டுகள் நாலைந்தை வாளிக்குள் நிறுத்தி, அவற்றின் மேல் நிறைய ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டை வையுங்கள். தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அரை அங்குலக் காற்று கிடைக்கும். தட்டின் நடுவில் ஒரு வட்டம் வெட்டி, சுற்றிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டம்ளரை அடிவரை இறக்கி, அதில் நார்க் கழிவை அழுத்தி நிரப்புங்கள். அதுதான் தண்ணீரை உறிஞ்சும் வாய். பருத்தித் துணித் திரி போடுகிறவர்களும் உண்டு. ஈரத்திலேயே கிடப்பதால் சில மாதத்தில் அது மக்கிப்போகும். நார்க் கழிவு டம்ளர் அதைவிட மேல். ஓர் ஓரத்தில் ஒரு அங்குலப் பைப்பைச் செங்குத்தாக இறக்கி, மேலே மூடி போடுங்கள். தண்ணீரை அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். துளையில் தண்ணீர் எட்டிப்பார்த்தால் நிறுத்திவிடலாம்.

கலவையில் கவனம் வேண்டும். வெறும் செம்மண்ணையோ களிமண்ணையோ போட்டால் ஈரம் ஏறி இறுகிச் சேறாகும். இரண்டு பங்கு நார்க் கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு செம்மண் என்ற கணக்கு நன்றாக வேலை செய்யும். கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்குச் சேர்த்துக்கொள்ளலாம். மாடிக்குப் பாரமும் குறையும். ஈரமான தோட்டத்து மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், நார்க் கழிவு கலந்த கலவை அதில் பாதியை ஒட்டித்தான் வரும். வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லிக் காட்டலாம். ‘தளம் ஒழுகும், பெயின்ட் போகும்’ என்பதுதான் வாடகை வீட்டில் தோட்டத்துக்கு வரும் முதல் எதிர்ப்பு. அடியில் ஓட்டை இல்லாத இந்த வாளி மழைக்காலமும் மாதம் ஒருமுறை கழுவும் நாளும் தவிர மற்ற நாளில் தளத்தை நனைப்பதில்லை.

நார்க் கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கயிறு திரிக்கும் ஆலைகளில் ஒரு காலத்தில் குப்பைமேடாகக் குவிந்து கிடந்த பொருள். அதை மக்கவைத்து உரமாக்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு வழி சொன்னது. ஒரு டன் கழிவுக்கு ஒன்றரைக் கிலோ சிப்பிக்காளான் வித்தும் ஐந்து கிலோ யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால் மக்கும். இன்று அதே கழிவு கட்டிகளாக அழுத்தப்பட்டு நெதர்லாந்துப் பசுமைக்குடில்கள் வரை ஏற்றுமதியாகிறது. ஐந்து கிலோக் கட்டி ஊறினால் அறுபது லிட்டருக்கு மேல் வரும். ஆனால் அதில் உப்பு இருக்கும். கடைக்காரர் கழுவியது என்று சொன்னாலும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நாற்று நட்ட வாரத்திலேயே இலையோரம் கருகினால் பெரும்பாலும் இந்த உப்பே காரணமாக இருக்கும்.

கோடையில் நன்றாக வளர்ந்து காய்த்து நிற்கும் தக்காளி ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். ஐந்து லிட்டரும் மண்ணில் உள்ள ஈரமும் சேர்ந்து மூன்று நாளுக்குத் தாங்கும். கீரைக்கு ஏறக்குறைய ஒரு வாரம். ஊருக்குப் போய் வர அது போதும்.

இந்த ஊருக்கே உரிய எச்சரிக்கைகள்

தொழிற்பேட்டை வட்டாரத்தில் பழைய பிளாஸ்டிக் டிரம்முக்குப் பஞ்சமில்லை. பழைய சாமான் கடைகளில் நீல டிரம்முகள் அடுக்கி வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றில் என்ன வந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். பெயின்ட், கூலன்ட், ஆசிட், பசை, கரைப்பான் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் சாப்பிடும் செடிக்கு ஆகாது. அதுவும் இந்த முறையில் தண்ணீர் நாள்கணக்கில் அதிலேயே நிற்கிறது. ஊறுகாய், சமையல் எண்ணெய், மாவு வந்த வாளிகளை ஓட்டல்களிலும் பேக்கரிகளிலும் கேட்டு வாங்கலாம். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால் நல்லது. மண்ணையும் நெடுஞ்சாலை ஓரத்திலோ ஆலைச் சுவரை ஒட்டியோ அள்ளிவராதீர்கள்.

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். வாளிக்கடியில் ஐந்து லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு இதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் துரோகம். ஊற்றும் பைப்புக்கு இறுக்கமான மூடி, வழிந்தோடும் துளைக்குக் கொசுவலைத் துண்டு, விளிம்புவரை மண்மூடாக்கு ஆகிய மூன்றும் கட்டாயம். இவற்றைச் செய்ய மனமில்லாதவர் இந்த வாளியை வைக்கவே வேண்டாம் என்று சொல்வேன்.

போர் தண்ணீர் இன்னொரு சிக்கல். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி ஆவியாகும்போது அதிலுள்ள உப்பு மேல்மண்ணில் தங்கிவிடும். சில மாதங்களில் வெள்ளைப் படலம் தெரியும். மாதம் ஒருமுறை மேலேயிருந்து தாராளமாக நல்ல தண்ணீரை ஊற்றி, துளை வழியே வடியவிட்டுக் கழுவ வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையே இந்த வேலையைச் செய்துவிடும். ஆர்ஓ கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு செறிந்திருப்பதால் இந்த வாளிக்கு அது விஷம். அதற்குப் பதில் ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வரும் நீர் என்பதால் உப்பே இருக்காது.

தண்ணீரைத் திருப்பிப் பயன்படுத்துவது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. சென்னையில் ஏரிகள் வறண்டுபோன 2019-ஆம் ஆண்டிலிருந்து, கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய நிலையம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குத் தண்ணீர் அனுப்புகிறது. ஆலையால் முடிவது வீட்டால் முடியாதா?

உரம் பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. பஞ்சகவ்யம், மீன் அமிலம், சாணக் கரைசல் எதையும் கீழ்த்தொட்டியில் ஊற்றாதீர்கள். காற்றில்லாத நீரில் அவை அழுகி நாறும், வேரும் போகும். பஞ்சகவ்யத்தை மூன்று சதவீதக் கரைசலாக இலையில் தெளிக்கலாம். மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிடலாம். காய்க்கும் செடிகளுக்குத் தேவைப்பட்டால் 19:19:19 நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் மாதம் இரு முறை மேலே ஊற்றினால் போதும். புதிதாகத் தொடங்குபவர் கீழ்த்தொட்டியில் வெறும் தண்ணீரை மட்டுமே வைத்துப் பழகுவது நல்லது.

எது வளரும்

புதினா, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை மூன்றும் இந்த வாளிக்கென்றே பிறந்தவைபோல வளரும். வங்காளத் தொழிலாளர்கள் பூய் சாக் என்று தேடித் திரிவது இந்தக் கொடிப்பசலையைத்தான். ஒடிசாக்காரர்களுக்கும் அது உயிர். நம் வீட்டுக்காரம்மா வாளியில் அதைப் படரவிட்டால், பக்கத்து அறைப் பையன்கள் கதவைத் தட்டிக் கேட்பார்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை நன்றாக வரும். வாளிக்கு ஒரு செடிக்கு மேல் வேண்டாம். கற்றாழையும் கற்பூரவல்லியும் ஓயாத ஈரம் தாங்காதவை, அவை சாதாரணத் தொட்டியிலேயே இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டுவதும், வாளியின் வெளிப்புறத்துக்கு வெள்ளை அடிப்பதும் அவசியம். கீழ்த்தண்ணீர் சூடேறினால் இத்தனை பாடும் வீண்.

இதனால் காய்கறிச் செலவு பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து வாளியில் ஒரு குடும்பத்தின் கீரைக்கும் மிளகாய்க்கும் புதினாவுக்கும் வழி பிறக்கும், அவ்வளவே. ஆனால் பறித்த அரை மணியில் அடுப்பேறும் கீரை இந்த வட்டாரத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பொருளாகிவிட்டது.

விடுதி மாடிகள்

2021 டிசம்பரில், ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. யார் சமைக்கிறார்கள், எங்கிருந்து வருகிறது, எப்படி வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளை இந்த நாடே அப்போதுதான் கேட்டது. மாடியில் நாலு வாளிக் கீரை அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. சுத்தமான சமையலறையும் கறாரான சோதனையும்தான் பதில். ஆனாலும் தான் சாப்பிடுவதில் ஒரு பிடியாவது தன் கண்முன் வளர்ந்தது என்பது, வீட்டைவிட்டு வந்து ஆறு பேர் ஓர் அறையில் தங்கும் இருபது வயதுப் பெண்ணுக்குச் சின்ன விஷயமல்ல.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் தங்கலாம். நாட்டில் இத்தனை பெரிய அளவில் அரசு அமைப்பே கட்டித்தந்த தொழிலாளர் விடுதி அரிது. அதைக் கட்டிய அரசு நிறுவனமான சிப்காட்டைப் பாராட்ட வேண்டும். இத்தனை பேர் தங்கும் இடத்தில் தொகுதிக்கு ஐம்பது வாளிகள் வைப்பது பெரிய காரியமில்லை. சமையலறை ஈரக்கழிவு மண்புழு உரமாகும். ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களே முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு முறை தண்ணீர் நிரப்பினால் போதும் என்பதால் யாருக்கும் சுமையாகாது.

தளையில் ஒன்று குறைகிறது

தமிழக அரசு மாடித்தோட்டத்துக்கு நெடுநாளாக ஆதரவு தருகிறது. 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் ‘தளை’ எனப்படும் மாடித்தோட்டத் தொகுப்புகள் கொடுக்கத் தொடங்கினார்கள். 2021-இல் வந்த ‘முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்’ அதை விரிவாக்கியது. ஆறு செடிப்பைகள், இரண்டு கிலோ எடையுள்ள ஆறு நார்க்கட்டிகள், ஆறு வகை விதைகள், உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து, கையேடு எல்லாம் சேர்த்து 900 ரூபாய்ப் பொருள், தொடங்கியபோது மக்களுக்கு 225 ரூபாய்க்குக் கிடைத்தது. நல்ல திட்டம். பல வீடுகளில் முதல் செடி இந்தத் தளையிலிருந்துதான் முளைத்தது.

ஆனால் அந்தப் பை, தினமும் தண்ணீர் ஊற்ற ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு தயாரிக்கப்பட்டது. கணவன் மனைவி இருவரும் ஷிப்டுக்குப் போகும் வீட்டில் அது ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. தோட்டக்கலைத் துறை ஒன்று செய்யலாம். ஆறு பைகளுக்குப் பதில் மூன்று பைகளும், அடியில் நீர்த்தொட்டி வைத்த மூன்று வாளிகளும் கொண்ட தனித் தளை ஒன்றைத் தொழிற்பேட்டை வட்டங்களுக்கு வடிவமைக்கலாம். பிளாஸ்டிக் உருப்படிகளை வார்க்கும் ஆலைகள் இதே சாலையில் இருக்கின்றன. காருக்கு உதிரிபாகம் செய்பவர்களுக்கு ஓட்டைத் தட்டும் டம்ளரும் வார்ப்பது ஒரு வேலையா? கொசுவலையோடு கூடிய மூடியை அச்சிலேயே சேர்த்துவிட்டால் சுகாதாரத் துறைக்கும் நிம்மதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் செய்முறை காட்டினால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில் தொடங்குவது நல்லது. வெயில் ஏறுவதற்குள் வேர் நன்றாக இறங்கிவிடும். முதலில் ஒரே ஒரு வாளி போதும், அதில் புதினாத் தண்டை ஊன்றுங்கள். வழிந்தோடும் துளையையும் கொசுவலையையும் மட்டும் மறந்துவிடாதீர்கள்.